கற்பனை எண்ணுக்கு ஓர் இடம்

நாலு ஜேயைக் காணவில்லை. மூன்று கூட்டல் நாலு ஜே என்று எழுதிக் கொடுத்தால் கணினி மூன்றைச் சொல்கிறது, கூட்டலைச் சொல்கிறது, அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்கிறது. வலது பக்கம் காலி. பந்தியில் உட்கார்ந்தவனுக்குப் பரிமாற மறந்துபோன மாதிரி. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது, அப்புறம் கை தன்பாட்டுக்குப் போனைத் திருப்பிப் பார்த்தது, என் வீட்டுக்காரர் திருமூர்த்தியிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று. வரவில்லை, வராது. முடிவை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் வேலை பார்க்கிற பம்பு கம்பெனியின் சோதனைக் கூடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மோட்டாரின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நிற்பார். மரியாதையான மனிதர். மரியாதை என்ற பெயரில் எந்தச் சுமையானாலும் அதன் கனமான பக்கத்தை என்னிடம் நீட்டுகிறவர். “எனக்குச் சரின்னுதாம்ப்பா படுது. ஆனா பாத்துக்கப் போறது நீ. நீயே சொல்லு சுகந்தி,” என்று காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார், ஏதோ சாயங்காலம் தோசையா சப்பாத்தியா என்பதுபோல. இன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். தத்தெடுப்பு இணையதளத்தில் எங்கள் பெயருக்குக் கீழே ஒரு குழந்தையின் படமும் இரண்டு பொத்தான்களும் இருக்கின்றன, ஏற்கிறோம், ஏற்கவில்லை. எதையும் அழுத்தாமல் விட்டால் ஏற்கவில்லை என்று அவர்களே எடுத்துக்கொள்வார்கள், குழந்தை வரிசையில் அடுத்து நிற்கிற வீட்டுக்குப் போய்விடும். மினதி என்று பெயர். ஒடிசாவில் ஒரு இல்லத்தில் இருக்கிறாள். ஆறு வயது நடக்கிறது. நாங்கள் காத்திருந்தது கைக்குழந்தைக்கு.

கைக்குழந்தைக்குத்தான் காத்திருந்தோம், அதை அப்புறம் யோசிக்கலாம், முதலில் நாலு ஜே. இந்த அலுவலகம் பீளமேட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது. மோட்டார் வடிவமைக்கிற பொறியாளர்கள் தங்கள் கணக்கை எழுதிப் பார்ப்பதற்காக நாங்கள் ஒரு கணினி மொழி செய்திருக்கிறோம், நொய்யல் என்று பெயர், ஆற்றில் தண்ணீர் ஓடாவிட்டாலும் இதுவாவது ஓடட்டும் என்று முதலாளி ஆசையாக வைத்தது. ஒருவர் அதில் ஒரு வரி எழுதினால் கணினி அதை அப்படியே விழுங்காது. துண்டு துண்டாகப் பிய்த்து ஒரு மரமாக அடுக்கும். தலைகீழ் மரம், வேர் உச்சியில், இலைகள் அடியில். மூன்று கூட்டல் நாலு ஜே என்றால் உச்சியில் கூட்டல், அதன் இடது கையில் மூன்று, வலது கையில் நாலு ஜே. ஒவ்வொரு முடிச்சையும் நோடு என்போம். மரத்தைக் கட்டுகிற பகுதிதான் என் பொறுப்பு. மரம் எதையும் கூட்டிப் பார்க்காது, கழித்துப் பார்க்காது, சரியா தப்பா என்று கேட்காது, அதெல்லாம் பிற்பாடு வேறு பகுதிகளின் வேலை. எழுதியது எதுவானாலும் மரம் அதற்கு ஓர் இடம் கொடுக்கும், அவ்வளவுதான். எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதே அதனால்தான் என்று நினைக்கிறேன். இந்த ஜே என்பது, தன்னைத் தானே பெருக்கினால் கழித்தல் ஒன்று வருகிற எண். பள்ளிக்கூடத்தில் ஐ என்று சொல்லித்தந்தார்கள், மின்சாரக்காரர்களுக்கு ஐ என்றால் மின்னோட்டம், ஆகவே இங்கே ஜே. கற்பனை எண்கள் என்று பாடப்புத்தகத்தில் தலைப்பு போட்டிருந்தது. தாராபுரத்தில் பின் பெஞ்சிலிருந்து யாரோ “இல்லாத எண்ண எதுக்குங் டீச்சர் நாங்க படிக்கோணும்?” என்று கேட்க, வகுப்பே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். கற்பனை என்று ஒரு தடவை பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அது எவ்வளவு உழைத்தாலும் யாரும் நம்புவதில்லை. இந்த ஊரில் ஓடுகிற மோட்டார்களில் அதை வைத்துக் கணக்குப் போடாமல் வடிவமைத்தது ஒன்றுகூட இருக்காது.

பெனடிக்ட் தேநீரோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். தூத்துக்குடிக்காரன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, மொழியில் கற்பனை எண்ணைச் சேர்த்ததே அவன்தான், எதற்கும் பதறாத ஆள். “என்னக்கா, ஸ்க்ரீனயே மொறைச்சிட்டு இருக்கீங்க?” “உன்ற நாலு ஜே எங்கப்பா? மரத்த அச்சடிச்சா அந்த எடம் மட்டும் பொக்கையா இருக்குது.” குனிந்து பார்த்தான். “அட, ஆமா. அதுக்குன்னு தனி வகை போட்டிருக்கேம்லாக்கா. சாதா எண்ணுக்கு ஒரு நோடு, கற்பனை எண்ணுக்கு வேற நோடு. அச்சடிக்கிற எடத்துல இதச் சேக்க விட்டுப்போச்சு. ஒரு வரி போட்டா தீந்துது.” போன வாரம் மரத்தை நகல் எடுக்கிற இடத்தில் விட்டுப்போயிருந்தது. அதற்கு முந்தி வகை சரிபார்க்கிற இடத்தில். ஒவ்வொரு தடவையும் ஒரு வரி போட்டுத் தீர்த்திருக்கிறோம். “எதுக்குத் தனியாப் போட்டே?” என்றேன். “அது ஸ்பெஷல் இல்லையாக்கா. மத்த எண்ணோட கலந்து அதயும் போட்டு மிதிச்சிரக் கூடாதுன்னுதான்.” நல்ல மனசோடுதான் செய்திருக்கிறான். எங்கள் தொழிலில் பாதித் தப்பு இந்த நல்ல மனசினால் வருவதுதான். ஒன்று விசேஷம் என்று நினைத்து அதற்குத் தனி அறை கட்டிவிடுவோம், வீட்டைச் சுற்றி வருகிறவர்கள் யாருக்கும் அந்த அறை இருப்பதே தெரியாது. மரத்தைச் சுற்றி வருகிற பகுதிகள் நிறைய இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோடாகப் போய் நீ எண்ணா, பெயரா, கூட்டலா என்று கேட்கும். நாலு ஜேயிடம் வந்து எண்ணா என்று கேட்டால் இல்லை என்கிறது, அதன் வகை வேறு அல்லவா. கேட்டவர் அடுத்த நோடுக்கு நகர்ந்துவிடுகிறார். யாரும் திட்டவில்லை, யாரும் விரட்டவில்லை, பிழை என்று ஒரு சிவப்பு எழுத்துகூட வரவில்லை, பேசாமல் விட்டுப்போகிறது. “இன்னைக்கு இங்க ஒரு வரி போடுவே, நாளைக்கு வேற எடத்துல காணாமப் போகும். எத்தன எடத்துலப்பா போய்ப் போய்ச் சேக்கறது?” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “சரிக்கா, நீங்களே பாத்து எது சரின்னு படுதோ செய்ங்க,” என்று தன் இடத்துக்குப் போனான். எல்லோரும் என்னையே பார்த்துச் செய்யச் சொல்கிறார்கள்.

குரல் உயர்ந்ததற்குக் காரணம் அவன் இல்லை. நேற்று பரிமளா பேசினாள், என் அக்கா, பல்லடத்தில் இருக்கிறாள், எந்த நல்ல செய்தியிலும் சிக்கல் எங்கே என்று தடவிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள். “ஆறு வயசாமா? அத்தன பெரிய புள்ளைய எப்படி அம்மிணி? சரி, வளத்துங்க, நல்ல காரியந்தான், நான் வேண்டாங்கல. ஆனா காது குத்தோணும்ல? நம்ம தம்பி மடியில உக்கார வெச்சா அவன் பொண்டாட்டி ஒண்ணும் சொல்ல மாட்டாளா? தாய்மாமன் சீரு செய்யோணும்பாங்க. அவ இப்பவே ஒரு மாதிரி. அதெல்லாம் யோசிச்சியா?” நான் யோசித்திருக்கவில்லை. அவள் கேட்ட பிறகு யோசிப்பதை நிறுத்த முடியவில்லை. காது குத்து, அப்புறம் பெரியவளானால் சீர், அப்புறம் கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் கொடுப்பது, நடுவில் எத்தனை பொங்கல், எத்தனை கோயில் விசேஷம். ஒவ்வொரு இடத்திலும் யாராவது வரிசையாக வந்து நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். யாரும் திட்ட மாட்டார்கள். பேசாமல் அடுத்த பிள்ளைக்கு நகர்ந்துவிடுவார்கள். நான் ஒவ்வொரு இடமாக ஓடிப்போய் ஒரு வரி சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லை, இப்படி எதை எடுத்தாலும் வாழ்க்கையோடு முடிச்சுப் போடுவது எனக்குப் பிடிக்காது, அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டாலே பத்திக்கொண்டு வரும். நாலு ஜே நாலு ஜேதான். அதற்கு அம்மா கிடையாது, தம்பி பெண்டாட்டி கிடையாது. இன்று காலை பஸ்ஸில் நின்றுகொண்டே மினதியின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். நெற்றி, வலது புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு, ஒட்ட வெட்டின முடி, காது. காதில் துளை இருந்தது. துளையில் கறுப்பு நூல் கட்டியிருந்தது. யாரோ ஏற்கெனவே குத்திவிட்டார்கள். எந்த மடியில் என்று தெரியாது. யாரோ இந்தப் பிள்ளையை இறுக்கிப் பிடித்து, அழாதே அழாதே என்று சொல்லி, வாயில் வெல்லமோ எதுவோ திணித்திருக்கிறார்கள். பரிமளாவிடம் சொன்னால் ஒரு தொல்லை விட்டது என்பாள். எனக்கு அந்த நூலைப் பார்த்ததும் பயமாக இருந்தது. அவளுக்கு ஒரு முன்கதை இருக்கிறது, அதில் நாங்கள் எங்கேயும் இல்லை.

நறுமுகைக்கு முன்கதை கிடையாது. நறுமுகை என்று ஒருத்தி இருக்கிறாள், இருக்கிறாள் என்று சொல்லலாமா தெரியவில்லை, திருமூர்த்தியிடம்கூட நான் சொன்னதில்லை. தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுத் திரும்பி வந்த அன்றைக்கே வந்துவிட்டாள், பஸ்ஸில் ஜன்னலோரம், வெயில் ஒரு பக்கம் சுட்டுக்கொண்டிருந்தது, மடியில் ஈரச் சூடும் கனமும் நிஜமாகவே தெரிந்தது. சுருட்டை முடி. பால் குடித்துவிட்டு ஏப்பம் விடாமல் அடம் பிடிப்பாள். என் தாலிக் கொடியைப் பிடித்தால் விட மாட்டாள். வருடங்கள் ஓடின, அவள் வளரவில்லை, அதே கைக்குழந்தை, நான்தான் நாற்பதைத் தாண்டிவிட்டேன். தனியாக ஜே என்று மட்டும் எழுதினால் அது எண் இல்லை, நொய்யலில் அது வெறும் ஒரு பெயர், யாரும் எதற்கும் வைத்துக்கொள்ளலாம். முன்னால் ஓர் எண் ஒட்டி நிற்க வேண்டும், ஒன்று ஜே என்றாவது எழுத வேண்டும், அப்போதுதான் மரம் அதை எண் என்று எடுத்துக்கொள்ளும். நறுமுகைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வெறும் பெயர்தானோ? வெறும் பெயருக்கா இத்தனை வருடம் மனதில் தொட்டில் ஆட்டினேன். முதலில் இரண்டு வயதுக்குள் என்று கேட்டிருந்தோம், காத்திருந்து காத்திருந்து எங்கள் வயதும் ஏறிப்போய், பெரிய குழந்தையானாலும் சரி என்று மாற்றிவிட்டோம். மாற்றும்போது ஒன்றும் தோன்றவில்லை, கட்டத்தில் ஒரு டிக் அடிப்பதுதானே. இப்போது படம் வந்த பிறகுதான் புரிகிறது, மினதிக்கு ஆம் என்று சொன்னால் நறுமுகை இனி வர மாட்டாள். பிறக்காத, வராத, யாரும் பார்க்காத ஒரு குழந்தைக்காகத் துக்கப்படுகிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும், பரிமளாவிடம் சொன்னால் வேப்பிலை அடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். ஆனால் துக்கமாகத்தான் இருக்கிறது. அடித்துப் புரண்டு அழுகிற துக்கம் இல்லை, விருந்தாளி கிளம்பிப் போன வீட்டில் இருக்குமே, அந்த மாதிரி.

கீழே பன் எடுக்கிறார்கள் போல, வெண்ணெயும் சர்க்கரையும் கருகுகிற வாசனை படியேறி வருகிறது. மினதி என்ன சாப்பிடுவாள்? அறிக்கையில் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று மட்டும் இருக்கிறது. பிறருடன் பேசத் தயங்குகிறாள். நாய் என்றால் பயம். பாட்டுப் பாடுவாள். என்ன பாட்டு என்று இல்லை, எதுவானாலும் ஒடியாவில்தான் பாடுவாள். அவளுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது, எனக்கு ஒடியாவில் ஒரு சொல் தெரியாது. வயிறு வலித்தால் எப்படிச் சொல்வாள்? கெட்ட கனவு கண்டு எழுந்து எதையோ சொல்லி அழுதால், அவள் கேட்பது தண்ணீரா, விளக்கா, காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவர்களையா, எனக்கு எப்படித் தெரியும்? பொறியாளர்கள் தாறுமாறாக எழுதுகிற வரியை எல்லாம் பிரித்து மேய்கிறவள் நான், ஒரு பிள்ளையின் அழுகையைப் பிரித்துப் பார்க்க ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை. வேண்டாம் என்று அழுத்திவிட்டால் என்ன, யார் கேட்கப்போகிறார்கள், காரணம் என்ற இடத்தில் மொழிப் பிரச்சினை என்று எழுதினால் பொய்யும் இல்லை. மறுபடி வரிசையில் நிற்கலாம், ஒருவேளை தமிழ் பேசுகிற பிள்ளை, ஒருவேளை இன்னும் சிறியதாக, ஒருவேளை சுருட்டை முடியோடு. திரையில் சோதனைக்காக எழுதி வைத்திருந்த அடுத்த வரி நின்றது. கழித்தல் நாலு ஜே. இதில் ஒரு வேடிக்கை உண்டு, புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் நம்ப மாட்டார்கள், எங்கள் மரத்தில் கழித்தல் நாலு என்று ஓர் எண்ணே கிடையாது. எண் எப்போதும் வெறும் நாலாகத்தான் வந்து உட்காரும், கழித்தல் குறி அதன் தலைக்கு மேலே தனி நோடாக நிற்கும். எந்த எண்ணும் வரும்போதே குறைச்சலாக வருவதில்லை, குறையெல்லாம் மேலே நிற்கிறவர்கள் சேர்ப்பது என்று ஒரு தடவை நான் சொன்னதற்குப் பெனடிக்ட் கைதட்டினான். மொழிப் பிரச்சினை. அது என் பெயருக்கு நேராகவா ஏறும்? அவள் பெயருக்கு நேராகத்தான் ஏறும், ஒரு வீடு பார்த்தது, வேண்டாம் என்றது, காரணம் இது. ஒடியா தெரியாதது நான், குறை அவளுக்கு.

போன் மேஜையில் அதிர்ந்தது. திருமூர்த்தி. பின்னால் மோட்டார் இரைச்சல். “சாப்ட்டியா?” “ஆச்சுங்க.” “என்ன பண்ணீட்டு இருக்கற?” “வேலதான்.” “நீ எதச் சொன்னாலும் எனக்குச் சம்மதம், அதச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்,” என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “அதையே எத்தன தடவ சொல்வீங்க? உங்களுக்குன்னு ஒண்ணு வேணும்னு தோணவே தோணாதுங்களா? நாளைக்கு அந்தப் புள்ள அழுதா, நீதான சொன்ன, நீயே பாத்துக்கன்னு திரும்பிப் படுத்துக்குவீங்களா?” மறுமுனையில் மோட்டார் நின்றது. யாருக்கோ கையைக் காட்டி நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். “சுகந்தி,” என்றார். “ஒடியா கத்துக்கறதுக்கு ஒரு செயலி இருக்குது. காலையில போன்ல ஏத்தீட்டேன். தண்ணிக்கு பாணியாம். சோத்துக்கு பாத்தோவாம். அதுக்கு மேல இன்னும் போகல.” போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். “நீ வேண்டாம்னு சொல்லீட்டா இத நான் மறந்தரோணும். அதான் சொல்லல,” என்றார். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க?” “சொன்னா எனக்காவ ஒத்துக்குவே. அது எனக்கு வேண்டாம்ப்பா.” யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்தது, வைத்துவிட்டார். இத்தனை வருடம் கூட இருந்தும் இந்த மனிதரை நான் சரியாகப் படிக்கவில்லை. கோபம் போய்விட்டது, போன இடத்தில் என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பாணி, பாணி என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

பிறகு அந்தத் தனி வகையை எடுத்துவிட்டேன். எண் என்று ஒரே ஒரு நோடு. அதற்குள் மதிப்பு, அதன் பக்கத்தில் ஓர் அடையாளம், முழு எண்ணா, தசமமா, கற்பனையா. அடையாளம் இருக்க வேண்டும், மறைக்க ஒன்றும் இல்லை, நாலும் நாலு ஜேயும் ஒன்றல்ல என்று கணக்குப் போடுகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மூன்றோடு சேர்த்து ஏழு என்று சொல்லித் தொலைப்பார். ஆனால் எண்ணா என்று யார் வந்து கேட்டாலும் ஆம் என்று சொல்லும். பெனடிக்ட் மனசு கேட்காமல் மறுபடி எட்டிப் பார்த்தான். “அக்கா, அப்போ மூணயும் நாலு ஜேயயும் சேத்து ஒரே நோடாப் போட்டுரலாம்லா? எதுக்கு ரெண்டு எல?” “வேண்டாம்ப்பா. எழுதறவங்க ரெண்டாத்தான எழுதறாங்க, நடுவுல கூட்டலும் போட்டிருக்காங்க. மரத்துல அது அப்படியே நிக்கட்டும். சேக்கறத ஓடறப்பப் பாத்துக்கலாம்.” ஓடும்போது சேர்த்தாலும்தான் என்ன, மூன்று ஒரு பக்கமும் நாலு ஜே ஒரு பக்கமுமாகத்தான் கடைசிவரை நிற்கும், எவ்வளவு கூட்டினாலும் ஒன்று இன்னொன்றைத் தின்னாது, ஒன்று வந்ததனால் இன்னொன்று குறையாது. வாழ்க்கையோடு முடிச்சுப் போடக்கூடாது என்று சற்று முன்னால் சொன்னவளும் நான்தான், இப்போது போடுகிறவளும் நான்தான், போகட்டும், யார் பார்க்கிறார்கள். நறுமுகை அவள் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். அவளை வழியனுப்பினால்தான் மற்றவள் வர முடியும் என்று யார் எனக்குச் சொன்னது, நானே சொல்லிக்கொண்டதுதான். துக்கம் போகவில்லை. ஆனால் கதவை மறித்துக்கொண்டு நிற்காமல் ஓர் ஓரமாக ஒதுங்கிவிட்டது. சோதனைகளை ஓட்டினேன். அச்சில் நாலு ஜே வந்தது. நகலில் வந்தது. வகை சரிபார்க்கிற இடத்தில் வந்தது. போன தடவைகளில் போட்டிருந்த அந்த ஒற்றை வரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன், அப்போதும் வந்தது. தம்பி பெண்டாட்டி ஏதாவது சொன்னால் சொல்லட்டும், அது அவள் வாய். உங்கள் பிள்ளையா என்று கேட்டால் ஆமாம் என்பேன். மேற்கொண்டு விளக்கம் வேண்டுகிறவர்கள் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.

பொத்தானை அழுத்தியது ஒரு பெரிய விஷயமாகவே இல்லை. ஏற்கிறோம் என்பதைத் தொட்டேன், உறுதிதானா என்று கேட்டது, மறுபடி தொட்டேன், பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பதிவாகிவிட்டது என்றது. “ஆமான்னு போட்டுட்டேங்க” என்று திருமூர்த்திக்கு அனுப்பினேன், பார்த்துவிட்டார், பதில் எழுத ஆரம்பித்து ஆரம்பித்து நிறுத்திக்கொண்டிருந்தார். நான் கீழே போய் ஒரு பன் வாங்கித் தின்னலாம் என்று எழுந்தேன். பசி திடீரென்று அப்படி வந்தது. படிக்கட்டில் இறங்கும்போது தெரியாத எண்ணிலிருந்து போன். ஒரு பெண் குரல், இல்லத்தின் பொறுப்பாளர், இந்தியில் பேசினார், என் இந்தி வடக்கேயிருந்து வருகிற வாடிக்கையாளர்களோடு பேசிப் பழகிய அரைகுறை இந்தி. இப்போதுதான் பார்த்தோம், ரொம்ப சந்தோஷம், காகித வேலையெல்லாம் முடிய நாளாகும், கோர்ட் உத்தரவு வேறு இருக்கிறது, அவசரப்படக் கூடாது, குழந்தை இங்கேதான் பக்கத்தில் நிற்கிறாள், ஒரு வார்த்தை பேசுகிறீர்களா என்றார். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதிப் படியில் நின்றேன். என்ன பேச, எனக்குத் தெரிந்தது பாணியும் பாத்தோவும் மட்டும்தான். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சு. வாயைப் போனோடு ஒட்டி வைத்துக்கொண்டு விடுகிற, கொஞ்சம் சளி கட்டின, சின்ன மூச்சு. இத்தனை வருடத்தில் நறுமுகைக்குச் சளி பிடித்ததாக எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. “மினதி,” என்றேன். அவள் ஒரு வரி சொன்னாள். ஒன்றும் புரியவில்லை, கேள்வி என்பது மட்டும் தெரிந்தது, கடைசியில் குரல் மேலே ஏறி நின்றது. அந்தப் பக்கம் பொறுப்பாளர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். என்ன கேட்கிறாள் என்றேன். அவர் தயங்கினார். “இந்த போன் தனக்கா, இல்லை கூட இருக்கிற ரிங்கிக்கா என்று கேட்கிறாள். முன்னால் ஒரு தடவை போன் வந்தபோது தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். அது ரிங்கிக்கு வந்தது.” “உனக்குத்தான்,” என்றேன். தமிழில்தான் வந்தது. அவர் மாற்றிச் சொல்லும்வரை காத்திருக்க என்னால் முடியவில்லை. “உனக்குத்தான் கண்ணு, வேற யாருக்கும் இல்ல. உனக்குத்தான்.” பொறுப்பாளர் ஒடியாவில் சொல்வது கேட்டது. போனை எதன் மேலோ வைக்கிற சத்தம், ஓடுகிற காலடி, அப்புறம் அதுவும் இல்லை. பயந்துவிட்டாளா, என் குரல் பிடிக்கவில்லையா, பாதிப் படியில் நின்றுகொண்டு என்னவெல்லாமோ நினைத்தேன். பொறுப்பாளர் போனை எடுத்தார். எங்கே போய்விட்டாள் என்று கேட்டேன். “செருப்பு மாட்டிக்கொள்ளப் போயிருக்கிறாள்,” என்றார்.